1.77: ஜூலை 23, 1983 அன்று நடந்தது என்ன?

எரிபொருள் நிரப்பும் வண்டியோடு வந்த சீட்டில் ‘ஒப்படர்த்தி 1.77’ என்று இருந்தது. ஒப்படர்த்தி என்றால் திரவத்தின் கனத்தைக் குறிக்கும் எண். லிட்டருக்கு இத்தனை பவுண்டா, இத்தனை கிலோவா என்று சீட்டில் எங்கும் இல்லை. 1983 ஜூலை 23 மாலை மாண்ட்ரியல் விமான நிலையத்தில் அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் யாரும் ஏனோதானோவென்று வேலை பார்க்கிறவர்கள் அல்ல. போட்ட கணக்கைத் திரும்பவும் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அதே விடைதான் வந்தது. அன்று இரவு எட்டு மணி தாண்டிய சிறிது நேரத்தில், 61 பயணிகளும் 8 ஊழியர்களும் இருந்த அந்த போயிங் 767 விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் எரிபொருள் இல்லாமல் நடுவானில் நின்றுபோயின.

ஏர் கனடா நிறுவனத்தின் 143ஆம் எண் விமானம் அது. மாண்ட்ரியலில் கிளம்பி, ஒட்டாவாவில் நின்று, எட்மன்டன் போக வேண்டியது. ‘கிம்லி கிளைடர்’ என்ற பெயரில் விமானத் துறையில் எல்லோருக்கும் தெரியும். விமானி பாப் பியர்சன் எஞ்சின் இல்லாமலே அதைத் தரையிறக்கினார், ஒருவர்கூடச் சாகவில்லை. ஆண்டுதோறும் ஜூலை 23 வரும்போது அந்தத் தரையிறக்கத்தைத்தான் எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். நினைவுகூர வேண்டியதுதான். ஆனால் தொழிற்சாலையில் அளவுக் கருவிகள் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால், எனக்கு இந்த நிகழ்வில் அந்தக் கடைசிப் பதினேழு நிமிடங்களைவிட அதற்கு முந்தைய இருபத்து நான்கு மணி நேரம்தான் முக்கியமாகப் படுகிறது. எரிபொருள் வானத்தில் தீரவில்லை. தரையில், பல நல்ல மனிதர்கள் சுற்றி நிற்கும்போதே, அது குறைவாக நிரப்பப்பட்டது.

பாதி செத்த கருவி

767 அப்போது புத்தம் புது ரகம். எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட அதில் கணினி முறை வைத்திருந்தார்கள். டாங்கிகளில் உள்ள உணரிகளிலிருந்து வரும் தகவலை ஒரு செயலிப் பெட்டி வாங்கிக் கணக்கிட்டு, விமானி அறையில் உள்ள அளவுமானிகளுக்கு அனுப்பும். பெட்டிக்குள் இரண்டு தடங்கள். ஒன்று பழுதானால் மற்றது பார்த்துக்கொள்ளும். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

இந்த விமானத்தின் பெட்டியில், இரண்டாவது தடத்தில் இருந்த ஒரு கம்பிச்சுருளின் முனை சரியாகப் பற்றவைக்கப்படவில்லை. நம்மூர் ரேடியோ, டிவி மெக்கானிக்குகள் ‘டிரை சால்டர்’ என்று சொல்வது இதைத்தான். வெளியிலிருந்து பார்த்தால் ஒட்டியிருப்பது போலவே தெரியும், உள்ளே சரியாகப் பிடித்திருக்காது. மின்சாரம் முழுதாகவும் போகாது, முழுதாக நிற்கவும் செய்யாது. டிரை சால்டரைத் தேடி ஒரு முழு நாளைத் தொலைக்காத மெக்கானிக் இருக்க மாட்டார்.

அந்தத் தடம் அடியோடு செத்திருந்தால் முதல் தடம் வேலையை எடுத்துக்கொண்டிருக்கும். குற்றுயிராகக் கிடந்ததால் பெட்டிக்கு அது பழுதாகவே தெரியவில்லை. மாற்று ஏற்பாடு விழிக்கவில்லை. விளைவு, அளவுமானிகள் எல்லாமே வெறுமையாகிவிட்டன.

முந்தைய நாள் இரவு எட்மன்டனில் இதைக் கண்ட ஒரு தொழில்நுட்பர் நல்ல வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். இரண்டாவது தடத்துக்குப் போகும் மின்சாரத்தை அதன் சர்க்கியூட் பிரேக்கரை வெளியே இழுத்து முழுவதுமாகத் துண்டித்தார். உடனே முதல் தடம் விழித்தது, அளவுமானிகளுக்கு உயிர் வந்தது. மாற்றுப் பெட்டி கையிருப்பில் இல்லை. அதனால் இழுத்த பிரேக்கரின் மேல் ‘இயங்கவில்லை’ என்ற குறிப்போடு டேப் ஒட்டிவிட்டு, பராமரிப்புப் பதிவேட்டில் எழுதி வைத்தார். ஒரு தடம் மட்டும் வேலை செய்தால் பறக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் டாங்கியில் உள்ள அளவைக் கையால் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. மறுநாள் காலை வேறொரு விமானி அப்படியே எட்மன்டனிலிருந்து மாண்ட்ரியல் வரை ஓட்டி வந்தார். அளவுமானிகள் வழியெல்லாம் வேலை செய்தன.

மாண்ட்ரியலில் இன்னொரு தொழில்நுட்பர் ஏறினார். பதிவேட்டில் எழுதியிருந்தது அவருக்குக் குழப்பமாக இருந்தது. தானே சோதித்துப் பார்க்கலாம் என்று பிரேக்கரை உள்ளே தள்ளினார். அளவுமானிகள் அணைந்தன. அந்த நேரம் பார்த்து எரிபொருள் வண்டி வந்துவிட்டது. அந்த வேலையைக் கவனிக்கக் கீழே இறங்கியவர், பிரேக்கரை மறுபடி வெளியே இழுக்க மறந்துவிட்டார். டேப் மட்டும் அப்படியே இருந்தது.

இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு வால்வு நினைவுக்கு வரும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆலையில் ‘மூடப்பட்டது’ என்று அட்டை தொங்கிய வால்வு அது. இரவு ஷிஃப்டில் யாரோ திறந்திருக்கிறார்கள், அட்டையைக் கழற்றவில்லை. காலையில் வந்த நான் அட்டையைப் படித்தேன், கைப்பிடியைப் பார்க்கவில்லை. குழாய் இணைப்பைத் தளர்த்தியதும் சுடுநீர் பீய்ச்சியது. முழங்கை வரை போட்டிருந்த கையுறைதான் அன்று காப்பாற்றியது. அட்டை எழுதியவர் பொய் எழுதவில்லை. எழுதிய நேரத்தில் அது உண்மை.

மாண்ட்ரியலில் நடந்ததும் அதேதான். கூடவே இன்னொரு தற்செயலும் சேர்ந்தது. காலையில் விமானத்தைக் கொண்டுவந்த விமானியும் பியர்சனும் வண்டி நிறுத்தும் இடத்தில் எதிரெதிரே பார்த்துக் கொஞ்சம் பேசினார்கள். எரிபொருள் அளவுமானியில் கோளாறு, கையால் அளந்து பார்க்க வேண்டும் என்று பியர்சனுக்குச் செய்தி வந்தது. அளவுமானி இல்லாமலே எட்மன்டனிலிருந்து பறந்து வந்திருக்கிறார்கள் என்று பியர்சன் எடுத்துக்கொண்டார். பிறகு விமானி அறைக்குள் நுழைந்தால், அளவுமானிகள் வெறுமையாக இருக்கின்றன, பிரேக்கர் மேல் டேப் இருக்கிறது. கேள்விப்பட்டது கண்ணெதிரே அப்படியே நிற்கும்போது சந்தேகம் எங்கிருந்து வரும்?

எந்தெந்தக் கருவி பழுதாக இருந்தாலும் பறக்கலாம் என்று சொல்லும் பட்டியல் ஒன்று ஒவ்வொரு விமானத்துக்கும் உண்டு. அளவுமானிகள் மொத்தமும் அணைந்திருந்தால் 767 பறக்கக் கூடாது என்று அது தெளிவாகவே சொன்னது. பியர்சன் அதைப் புரட்டியும் பார்த்தார். ஆனால் ரகம் புதிது. பட்டியலில் திருத்தங்கள் வந்துகொண்டே இருந்தன, சில பக்கங்கள் இன்னும் எழுதப்படவே இல்லை. புத்தகத்தில் இல்லாத சூழ்நிலைகளில் பராமரிப்புப் பிரிவின் வாய்ச்சொல்லை நம்பிப் பறப்பது வழக்கமாகியிருந்தது. இதற்கும் அனுமதி கிடைத்துவிட்டது என்று அவர் நம்பினார். இந்த இடத்தில் அவர் தவறினார் என்றே நானும் நினைக்கிறேன். அவர் மட்டும் தவறினார் என்று சொல்வதைத்தான் ஏற்க மாட்டேன்.

பெருக்கல்

இனி அந்தக் கணக்கு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

பயணத்துக்குத் தேவையான எரிபொருள் 22,300 கிலோ. கிலோ என்பதே அந்த நிறுவனத்துக்குப் புதிது. கனடா 1970களில்தான் பவுண்டு, கேலன் அளவைகளை விட்டு மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியது. ஏர் கனடாவின் மற்ற விமானங்கள் எல்லாம் எரிபொருளைப் பவுண்டில் கணக்கிட்டுப் பறந்தன. 767தான் கிலோ கணக்கில் வந்த முதல் ரகம்.

விமானத்துக்கு ஏன் எடைக் கணக்கு? எஞ்சினுக்குள் எரிந்து ஆற்றல் தருவது எரிபொருளின் நிறைதான், பருமன் அல்ல. வெப்பத்தில் விரிந்தாலும் குளிரில் சுருங்கினாலும் லிட்டர் மாறும், கிலோ மாறாது. தூக்கிக்கொண்டு பறக்க வேண்டிய பாரமும் கிலோவில்தான் தெரியும். ஆனால் வண்டியின் மீட்டர் லிட்டரில் ஓடும். டாங்கியைக் கையால் அளப்பதும் அப்படியே. இறக்கையின் அடியிலிருந்து இழுக்கும் அளவுகோலில் சென்டிமீட்டர் தெரியும், அதை அட்டவணையில் பார்த்து லிட்டர் ஆக்க வேண்டும். லிட்டரிலிருந்து கிலோவுக்குப் போக நடுவில் ஒரு பெருக்கல் தேவை.

அளந்ததில் டாங்கிகளில் 7,682 லிட்டர் இருந்தது. இதைச் சீட்டில் இருந்த 1.77ஆல் பெருக்கினார்கள். 13,597 வந்தது. அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டு 22,300இல் கழித்தார்கள். மீதி 8,703. அதை மறுபடி 1.77ஆல் வகுத்தால் சுமார் 4,917 லிட்டர். அவ்வளவும் நிரப்பப்பட்டது.

1.77 என்பது ஒரு லிட்டர் எரிபொருளின் எடை, பவுண்டில். மற்ற எல்லா விமானங்களுக்கும் அதே எண்தான் பயன்பட்டது, அங்கெல்லாம் அது சரி. கிலோவில் வேண்டுமென்றால் 0.803 என்று இருந்திருக்க வேண்டும். 7,682 லிட்டரின் உண்மையான எடை 6,169 கிலோ. நிரப்ப வேண்டியிருந்தது 20,088 லிட்டர், நிரப்பியது அதில் கால் பங்குகூட இல்லை. மொத்தத்தில் விமானம் ஏற்றிக்கொண்டது சுமார் 10,100 கிலோ, தேவையில் பாதிக்கும் கீழே. பவுண்டில் சொன்னால் 22,300. எண் பிசகவே இல்லை. அதற்குப் பின்னால் வர வேண்டிய சொல்தான் மாறிப்போயிருந்தது.

பள்ளியில் இயற்பியல் விடைத்தாளில் அலகு எழுதாமல் விட்டால் அரை மதிப்பெண் போகும். விடை சரியாகத்தானே இருக்கிறது என்று ஆசிரியரிடம் முறையிட்டவர்களில் நானும் ஒருவன். அலகு இல்லாத எண் விடையே இல்லை என்று அவர் சொன்னபோது எனக்குப் பிடிவாதமாகத்தான் பட்டது.

சரிபார்க்கவில்லையா என்றால், சரிபார்த்தார்கள். கீழே நின்ற ஊழியர்கள் போட்டார்கள். துணை விமானி மாரிஸ் குவின்டல் காகிதத்தில் போட்டார். பியர்சனும் பார்த்தார். ஒட்டாவாவில் இறங்கியதும் மறுபடியும் அளவுகோலை இழுத்து, மறுபடியும் பெருக்கினார்கள். 20,400 கிலோ இருப்பதாக விடை வந்தது, திருப்தியோடு கிளம்பினார்கள். உண்மையில் இருந்தது 20,400 பவுண்டு, ஏறக்குறைய 9,200 கிலோ. இத்தனை பேரும் சரிபார்த்தது பெருக்கலை. பெருக்கும் எண்ணை ஒருவரும் சரிபார்க்கவில்லை. ஒரே தவறான எண்ணை நான்கு பேர் கையில் கொடுத்தால், நால்வரும் ஒரே தவறான விடைக்கு வருவார்கள். நால்வரும் ஒத்துப்போனதே அதை உண்மை போலக் காட்டிவிடும். என் தொழிலில் இதைவிட ஆபத்தான நிலைமை எனக்குத் தெரியாது.

எங்கே பிடித்திருக்கலாம்? அந்தச் சீட்டிலேயே பிடித்திருக்கலாம். ஒப்படர்த்தி 1.77 என்றால் தண்ணீரைப் போல ஒன்றே முக்கால் மடங்கு கனமான திரவம் என்று பொருள். ஜெட் விமான எரிபொருள் ஏறக்குறைய நம் மண்ணெண்ணெய்தான். மண்ணெண்ணெய் தண்ணீரில் மிதக்கும். இதை அடுக்களையில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றியவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, எண்ணெய் என்றால் ஒரு கிலோவுக்குக் கீழேதான் இருக்க முடியும். மளிகைக் கடையில் வாங்கும் சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஒரு லிட்டர், 910 கிராம் என்று இரண்டும் அச்சிட்டிருக்கும். அந்தப் பாக்கெட்டைத் தினமும் கையில் எடுப்பவருக்கு லிட்டருக்கு 1.77 கிலோ என்றால் உறுத்த வேண்டும். மாண்ட்ரியலில் யாருக்கும் உறுத்தவில்லை. காரணம், 1.77 என்பதை அவர்கள் ஒரு திரவத்தின் கனமாகப் பார்க்கவில்லை. தினமும் கண்ணில் படும் பழகிய எண்ணாகப் பார்த்தார்கள். பழகிய எண் உறுத்தாது.

இன்னொரு கேள்வியும் உண்டு, விசாரணையில் அதுதான் பெரிதாக எழுந்தது. இந்தக் கணக்கு யாருடைய வேலை? பழைய விமானங்களில் மூன்றாவதாக ஒரு விமானப் பொறியாளர் உட்கார்ந்திருப்பார். எரிபொருள் கணக்கு அவருடையது. 767இல் இரண்டு விமானிகள் போதும், கணினி இருக்கிறது என்று அந்த நாற்காலியை எடுத்துவிட்டார்கள். நாற்காலி போனது, அதில் உட்கார்ந்தவர் செய்த வேலை எங்கே போனது என்று யாரும் தெளிவாக எழுதி வைக்கவில்லை. தரை ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விமானிகளும், விமானிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று தரை ஊழியர்களும் இருந்தார்கள். கையால் அளந்து கிலோவாக மாற்ற இரு தரப்புக்குமே முறையான பயிற்சி இல்லை.

கடைசியாகக் கணினி. அளவுமானிகள் வேலை செய்யாததால், எரிபொருள் இவ்வளவு இருக்கிறது என்று விமானத்தின் பறப்புக் கணினிக்கு விமானிகள்தான் கையால் எண் கொடுத்தார்கள். அந்த எண்ணிலிருந்து எஞ்சின்கள் குடிப்பதைக் கழித்துக்கொண்டே வந்து மீதியைக் காட்டுவது அதன் வேலை. வழியெல்லாம் அது மிகத் துல்லியமாகக் கழித்தது. டாங்கி காலியான நேரத்திலும் பல ஆயிரம் கிலோ மீதி இருப்பதாகக் காட்டியது.

வானத்தில்

ஒன்டாரியோ மாகாணத்தின் ரெட் லேக் பகுதிக்கு மேலே, 41,000 அடி உயரத்தில், முதல் எச்சரிக்கை ஒலித்தது. இடப்பக்கத்தில் ஓர் எரிபொருள் பம்பில் அழுத்தம் குறைவு. பம்புக் கோளாறு என்று நினைத்தார்கள், கணினியில்தான் எரிபொருள் நிறையக் காட்டுகிறதே. சில நொடிகளில் இன்னொரு எச்சரிக்கை. உடனே வின்னிபெக்குக்குத் திருப்ப முடிவெடுத்தார் பியர்சன். இறங்கத் தொடங்கியதும் இடது எஞ்சின் நின்றது. ஓர் எஞ்சினோடு இறங்கத் தயாராகிக்கொண்டிருந்தபோது, அந்த அறையில் யாரும் அதுவரை கேட்டிராத நீண்ட மணியொலி ஒன்று கேட்டது. எல்லா எஞ்சின்களும் நின்றுவிட்டன என்பதற்கான ஒலி. அப்படி ஒன்று நடக்கும் என்று வைத்து அவர்களுக்குப் பயிற்சியே கொடுக்கப்பட்டதில்லை.

எஞ்சின் நின்றால் மின்னாக்கியும் நிற்கும். புத்தம் புதிய மின்னணுத் திரைகள் எல்லாம் இருண்டன. மின்கலத்தில் ஓடும் சில பழைய மாதிரிக் கருவிகள் மட்டும் மிஞ்சின. எந்த வேகத்தில் கீழே இறங்குகிறோம் என்று காட்டும் கருவி அவற்றில் இல்லை. விமானத்தின் அடையாளக் குறிகை நின்றுபோனதால், வின்னிபெக் கட்டுப்பாட்டாளர்கள் பழைய வகை ரேடாரில் வெறும் புள்ளியாகத்தான் அதைப் பின்தொடர வேண்டியிருந்தது.

விமானத்தைத் திருப்பவும் தூக்கவும் திரவ அழுத்தம் வேண்டும், அதற்கும் எஞ்சின்தான் ஆதாரம். இந்த நிலைமைக்கென்றே வயிற்றுப் பகுதியிலிருந்து ஒரு சிறு காற்றாடி வெளியே வரும். எதிர்க்காற்றில் அது சுழன்று, கட்டுப்பாடுகளுக்கு மட்டும் போதுமான அழுத்தத்தைத் தரும். விமானம் வேகமாகப் போனால் காற்றாடி நன்றாகச் சுழலும். தரையிறங்க வேகத்தைக் குறைக்கக் குறைக்க அதுவும் தளரும், கையில் இருக்கும் கட்டுப்பாடும் இறுகிக்கொண்டே வரும்.

இங்கேதான் பியர்சன் யார் என்பது முக்கியமாகிறது. அவர் ஓய்வு நாட்களில் கிளைடர் ஓட்டுகிறவர், எஞ்சினே இல்லாத விமானத்தில் அனுபவப்பட்டவர். எஞ்சின் இல்லாத 767 எந்த வேகத்தில் அதிக தூரம் சறுக்கும் என்று எந்தக் கையேடும் சொல்லவில்லை. மணிக்கு 220 கடல் மைல் (நாட்) இருக்கும் என்று தானே மதிப்பிட்டு அந்த வேகத்தைப் பிடித்தார். குவின்டல் பழைய உயரமானியையும் வின்னிபெக் சொல்லும் தூரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டார். 10 கடல் மைல் போவதற்குள் 5,000 அடி இறங்கியிருந்தார்கள். ஓர் அடி இறங்கினால் பன்னிரண்டு அடி முன்னே போகும் கணக்கு. அன்று அந்த விமானத்தில் போடப்பட்ட கணக்குகளில் இது சரியாக வந்தது. வின்னிபெக் எட்டாது என்று அது சொன்னது.

குவின்டல் கனடா விமானப்படையில் இருந்தபோது பணியாற்றிய தளம் ஒன்று, வின்னிபெக் ஏரிக்கரையில் கிம்லி என்ற ஊரில் இருந்தது. அங்கே போகலாம் என்றார். தளம் மூடப்பட்டுவிட்டது அவருக்குத் தெரியும். இரண்டு இணை ஓடுபாதைகளில் ஒன்று கார்ப் பந்தயத் தடமாகிவிட்டதும், நடுவில் இரும்புத் தடுப்பு போட்டிருப்பதும் தெரியாது. அன்று சனிக்கிழமை. வின்னிபெக் விளையாட்டுக் கார் சங்கத்தினர் குடும்பத்தோடு அங்கே கூடியிருந்தார்கள். பந்தயத் தடமும் அதுதான், பியர்சன் குறிவைத்த ஓடுபாதையும் அதுதான்.

சக்கரங்களைத் தங்கள் எடையிலேயே விழ விட்டார்கள். பின்சக்கரங்கள் விழுந்து பூட்டிக்கொண்டன, மூக்குச் சக்கரம் பூட்டவில்லை. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தபோது இன்னொரு சிக்கல், விமானம் அதிக உயரத்தில் வந்துகொண்டிருந்தது. வேகத்தைக் குறைக்கும் மடிப்புகள் எதுவும் வேலை செய்யாது. ஒரு வட்டம் அடித்து உயரத்தைக் குறைக்கலாம் என்றால், அதன்பின் ஓடுபாதைவரை வர உயரம் மிஞ்சாது. மறுபடி ஏறவும் முடியாது.

பியர்சன் கிளைடரில் செய்வதைச் செய்தார். இறக்கையை ஒரு பக்கம் சாய்த்து, வாலை எதிர்ப்பக்கம் திருப்பினார். விமானம் கோணலாகி, பக்கவாட்டுடல் காற்றை எதிர்க்க, முன்னே பாயும் வேகம் கூடாமலே உயரம் சரசரவென்று இறங்கியது. சிறிய விமானங்களில் செய்யும் வேலை இது. நூறு டன்னுக்குப் பக்கத்தில் எடையுள்ள ஜெட்டில், ஒரு சிறு காற்றாடி தரும் அழுத்தத்தை நம்பிச் செய்தார். ஒரு பக்கத்து ஜன்னலில் தரை, மறுபக்கத்து ஜன்னலில் வானம் மட்டும். கடைசி நேரத்தில் நேராக்கினார்.

எஞ்சின் சத்தம் இல்லாததால் கீழே இருந்தவர்களுக்கு விமானம் வருவதே தெரியவில்லை. ஓடுபாதையில் இரண்டு சிறுவர்கள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பின்சக்கரம் தரை தொட்டதும் பியர்சன் பிரேக்கை அழுத்தி மிதித்தார், இரண்டு டயர்கள் வெடித்தன. மூக்குச் சக்கரம் மடங்கி, மூக்கு தரையில் உரசி, நடு இரும்புத் தடுப்பின்மேல் தேய்ந்துகொண்டே போனது. அந்த உரசலே விமானத்தை நிறுத்தவும் உதவியது. கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி நின்றது. மூக்கில் பற்றிய சிறு தீயைப் பந்தயக்காரர்கள் தங்கள் தீயணைப்பான்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அணைத்தார்கள். மூக்கு தாழ்ந்ததால் வால் உயர்ந்து, பின்வாசல் சறுக்குப்பாதை செங்குத்தாகத் தொங்கியது. அதில் இறங்கியவர்களில் சிலருக்குச் சிறு காயங்கள். எஞ்சின் நின்றதிலிருந்து 17 நிமிடம்.

யார் பொறுப்பு?

நிறுவனத்தின் முதல் நடவடிக்கை, தனி மனிதர்கள்மேல் பாய்ந்தது. பியர்சனுக்கு ஆறு மாதப் பதவி இறக்கம், குவின்டலுக்கு இரண்டு வாரப் பணி இடைநீக்கம். பராமரிப்பு ஊழியர்கள் மூவரும் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். பிழையான எண்ணைப் பெருக்கியவர்கள், பிரேக்கரை மறந்தவர், அனுமதி இருக்கிறது என்று நம்பியவர் என ஆளுக்கொரு குற்றம் கண்டுபிடிப்பது எளிது. நானும் ஆலை விசாரணைகளில் உட்கார்ந்திருக்கிறேன். பெயர் ஒன்று கிடைத்ததும் அறையில் ஒரு நிம்மதி பரவும், அதற்குமேல் யாரும் கேள்வி கேட்க விரும்ப மாட்டார்கள்.

கனடா அரசு நியமித்த விசாரணைக் குழுவுக்கு நீதிபதி ஜார்ஜ் லாக்வுட் தலைமை தாங்கினார். 1985இல் அறிக்கை வந்தது. ஆட்களின் பெயரைக் கண்டுபிடிப்பதோடு அவர் நிற்கவில்லை. விமானப் பொறியாளரின் நாற்காலியை எடுத்த நிறுவனம், எரிபொருள் கணக்கு இனி யார் பொறுப்பு என்று தெளிவாகப் பிரித்துக் கொடுக்கவில்லை. கிலோவுக்கு மாறியபோது ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி தரவில்லை. பழுதான செயலிக்கு மாற்றுப் பெட்டி போதிய கையிருப்பில் இல்லை. நிறுவனத்தின் நடைமுறைகளிலும் கருவியிலும் இருந்த குறைகளை அடுக்கிச் சொன்ன அறிக்கை, விமானிகளும் ஊழியர்களும் காட்டிய திறமையைப் பாராட்டியது. அதே 1985இல் சர்வதேச வானூர்திக் கூட்டமைப்பு, சிறந்த விமானத் திறமைக்கான பட்டயத்தை விமானிகள் இருவருக்கும் வழங்கியது.

லாக்வுட்டின் பரிந்துரைகளில் எனக்கு மிகப் பிடித்தவை பரபரப்பே இல்லாதவை. மெட்ரிக் முறையில் ஒழுங்காகப் பயிற்சி கொடு, உதிரிப் பாகம் வைத்திரு, யார் வேலை என்று எழுது. எரிபொருள் சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுத எவ்வளவு மை செலவாகும்?

விமானத்தை அங்கேயே தற்காலிகமாகச் சரிசெய்து, இரண்டே நாளில் கிம்லியிலிருந்து பறக்க வைத்தார்கள். முழுப் பழுதுபார்ப்புக்குப் பின் அது பணிக்குத் திரும்பியது. அதன்பின் 24 ஆண்டுகளுக்கு மேல் பயணிகளைச் சுமந்தது. 2008 ஜனவரி 24 அன்று மாண்ட்ரியலிலிருந்து அமெரிக்கப் பாலைவனத்தை நோக்கி, ஓய்வுபெற்ற விமானங்களை நிறுத்தும் மொஹாவி தளத்துக்குக் கிளம்பியது. அந்தக் கடைசிப் பயணத்தில் பியர்சனும் குவின்டலும், அன்று கிம்லியில் உடனிருந்த விமானப் பணியாளர்களில் மூவரும் பயணிகளாக உட்கார்ந்திருந்தார்கள்.